பலகைக்கும் வேலிக்கும் ஒரே சூரியன்

எங்கள் குடும்பத்தில் வாயைக் கட்டத் தெரியாத ஆள் நஸீஹா. என் மூத்த சகோதரி, ராத்தா ஆசியா உம்மாவின் ஒரே மகள். ஒரு நாள் அவளை என் ஹாட்வெயார் கடையில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லிவிட்டு மதியம் லுஹர் தொழப் போனேன். திரும்பி வந்தால், பெயின்ட் வாங்க வந்த மனிதரிடம், "இது போன வருசத்து வாளி, அடியில கட்டி பட்டிருக்கும், மாங்குளத்தில புதுசா எடுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் கோபத்தில் துள்ளிக் குதித்தேன்.

"அவர் கேட்டவர் மாமா, அதுதான் சொன்னனான்" என்றாள்.

கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு அவளைக் கடையில் நிறுத்துவதில்லை.

அவள் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்தவள். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது ராத்தாவுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்தான். இருபது வருடம் கழித்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து, பற்றைக்குள் எங்கள் கிணற்றைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் வீடு கட்டினோம். ராத்தாவின் கணவர், என் மச்சான், அந்த வீட்டில் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, மௌத்தாகிவிட்டார். நஸீஹா வவுனியாவில் கொம்பியூட்டர் படித்தாள். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில் லொறி ஓட்டுகிறார். இவள் முள்ளியவளையில் ஒரு கடையில் போட்டோக்கொப்பி அடித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் புரோகிராம் எழுதுகிறாள். அது என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை பாதிதான் விளங்கியிருக்கிறது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

எங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபைக்குச் செயலாளர் நான். தொழுகை நேரம் காட்டும் மின்பலகை ஒன்று வேண்டும் என்று எல்லோரும் கேட்டபோது, நஸீஹாவிடம் சொன்னேன். கையளவு கொம்பியூட்டர் ஒன்றைப் பள்ளி அலுமாரிக்குள் வைத்து, சுவரில் சிவப்பு எழுத்துப் பலகையைப் பொருத்திவிட்டாள். எங்கள் ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்பதை அது தினமும் தானே கணக்குப் பார்க்கும். அதோடு பேணுதலுக்காக மூன்று நிமிடத்தைக் கூட்டி, நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தைக் காட்டும். பேணுதல் என்றால், அவசரப்பட்டு நோன்பைப் பாழாக்காமல் இருக்க நாங்கள் வைத்துக்கொள்ளும் சிறிய இடைவெளி. ஊரே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நோன்பு திறந்தது. மோதினார் ஹமீட் நானாவும் அதைப் பார்த்துத்தான் பாங்கு சொன்னார்.

பள்ளிக்குப் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் காடு, காட்டுக்குள் யானை. அதற்காக ஒரு மின்வேலி இருக்கிறது. வேலிச் சங்கத்தில் எங்கள் ஆட்களும் உண்டு, குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்துக் குடாநாட்டிலிருந்து வந்த தமிழ்ச் சனமும் உண்டு. சங்கச் செயலாளர் நிரோஜன், அப்படி வந்த அப்புத்துரை அண்ணரின் மூத்த மகன். ஆறு ஏக்கர் வயல் செய்கிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வவுனியாவில் நஸீஹாவின் வகுப்பில் படித்தவன். பொழுது பட வேலிக்குக் கரண்டைப் போடுவதும் விடிய நிறுத்துவதும் முறை வைத்துச் செய்த வேலை. மறந்துபோவார்கள், யானை வரும், பிறகு ஆளை ஆள் திட்டுவார்கள். எனவே நிரோஜன் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினான். இரவும் பகலும் மின்சாரம் நிற்கிற இடம் பள்ளிவாசல்தான், வெயிலில் நிரம்பும் மின்கலம் எங்களிடம் இருக்கிறது. ஆகவே வேலியின் புரோகிராமும் அதே அலுமாரிக்குள் வந்து குடியேறியது.

அப்போது நஸீஹா அவனிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"சூரியன் படுற கணக்கை நீங்கள் புதுசா எழுதத் தேவையில்ல நிரோஜன். நான் அதைப் புறம்பா ஒரு பைலில வச்சிருக்கிறன். பலகை அதைக் கூப்பிட்டுத்தான் கேக்குது. வேலியும் அதையே கேக்கட்டும்."

அந்தப் பைலுக்கு அவர்கள் லைப்ரரி என்று பெயர் சொன்னார்கள். புத்தகமே இல்லாத லைப்ரரி. நான் தலையைச் சொறிந்தபோது நஸீஹாதான் விளக்கினாள்.

"எங்கட பள்ளிக் கிடாரம் மாதிரி மாமா. ஒவ்வொரு வீட்டிலயும் அவ்வளவு பெரிய கிடாரம் வச்சிருக்கேலாதுதானே? ஒண்டு பொதுவில இருக்கும். சமைக்கிற அண்டைக்கு எடுப்பினம். அப்பிடித்தான், புரோகிராம் ஓடத் தொடங்கேக்க அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளும்."

அது விளங்கியது. பள்ளிக் கிடாரத்தை எல்லோரும் எடுப்பார்கள். எங்கள் வலீமா விருந்துக்கும் எடுப்பார்கள், அப்புத்துரை அண்ணர் வீட்டுக் கலியாணத்துக்கும் எடுப்பார்கள். எடுத்தவர் கிடாரத்தில் ஓட்டை கண்டால் யாரிடமும் முறையிட மாட்டார். தன் செலவில் ஒட்டுப் போட்டு, புளி போட்டு மினுக்கி, சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிடுவார். சொல்லிக் காட்டினால் அது மரியாதை இல்லை. இங்கே எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தான், நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இந்த வருட நோன்பு வந்தது. ராத்தாவுக்குச் சீனி வருத்தம். நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னார், ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று மௌலவியும் சொன்னார். ராத்தா இருவர் சொன்னதையும் கேட்கவில்லை. மகளோடு பேரம் பேசி, கெஞ்சி, அழுது, கடைசியில் ஏழு நோன்புக்கு ஒப்புதல் வாங்கினார். ஐந்தாம் நோன்பிலிருந்து பதினோராம் நோன்பு வரை. அந்த ஏழு நாளும் நஸீஹா உம்மாவின் விரலில் ஊசி குத்திக் குத்திச் சீனி பார்த்துக்கொண்டு திரிந்தாள். ராத்தாவின் முகத்திலோ பெருநாள்.

எட்டாம் நோன்பன்று காற்றும் மழையும். கரண்ட் போய், மின்கலமும் இறங்கி, பலகை அணைந்துவிட்டது. பின்னேரம் கரண்ட் வந்தது, பலகையும் தானாகவே எழும்பியது. நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்தோம். அடுத்த இரண்டு நாளும் மூடல்தான், சூரியனையே காணவில்லை. யாரோ ஒருவர் தன் போனில் நேரம் வேறாகக் காட்டுகிறது என்றார். போனைத் திருத்தச் சொன்னோம்.

பதினோராம் நாள் வானம் வெளித்தது. நான் மாங்குளத்தில் சாமான் எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். குளக்கட்டில் ஏறியபோது எங்கள் பள்ளியின் பாங்கு கேட்டது. மேற்கே திரும்பிப் பார்த்தேன். சூரியன் முழு வட்டமாகத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது! கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். நின்றது. பாங்கு முடிந்தது, அப்போதும் நின்றது. அது தண்ணீருக்குள் முழுவதும் போகும்வரை நான் அசையவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், ஆறு இருபது. பாங்கு தொடங்கியது ஆறு பதினேழுக்கு. கீழே ஊரில் எல்லோரும், என் ராத்தாவும், அந்த நேரம் நோன்பு திறந்து முடித்திருப்பார்கள்.

ராத்தா வீட்டுக்குப் போய், நஸீஹாவை வெளியே கூப்பிட்டு, பலகை பிழை என்று வாயில் வந்தபடி ஏசினேன். அவள் நம்பவில்லை.

"நான் அதில கை வைக்கவே இல்லையே மாமா. நாலு மாசமாத் தொடவே இல்ல."

"தொடாம எப்பிடிப் பிழையாகும்? அது என்ன, பழுதாப்போற பாலா?"

அடுத்த நாள் காலை தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். நானும் ஹமீட் நானாவும் அலுமாரியைத் திறந்துவிட்டு இரண்டு பக்கமும் நின்றோம். முதலில் மணிக்கூட்டைப் பார்த்தாள், சரி. பலகையின் புரோகிராமைப் பார்த்தாள். அதே பழைய திகதி, ஒரு எழுத்தும் மாறவில்லை. அதைத் தன் மடிக்கணினியில் ஓட விட்டாள். மஃரிப் ஆறு இருபத்துமூன்று என்றது. அதுதான் சரியான நேரம். அதே புரோகிராம், அதே நாள், அலுமாரிக்குள் ஆறு பதினேழு என்றது. மடிக்கணினியில் இருந்ததை அலுமாரிக்குள் கொண்டுபோய்ப் போட்டாள். ஆறு பதினேழு! அலுமாரிக்குள் இருந்ததை மடிக்கணினிக்குக் கொண்டு வந்தாள். ஆறு இருபத்துமூன்று!

ஹமீட் நானா அலுமாரியை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"ஏதோ அண்டியிருக்கு" என்றார் ஹமீட் நானா. "ஓதி ஊதுவமா?"

ஊதினால் ஊதட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. மனிதன் இடம் மாறினால் குணம் மாறுவான், நாங்கள் பார்த்திருக்கிறோம். கணக்கு எப்படி மாறும்? நஸீஹா தலையைப் பிடித்துக்கொண்டு பாயில் குந்திவிட்டாள். அவளுக்கே விளங்காத ஒன்றை எனக்கு யார் விளக்குவது?

பிறகு தன்னோடு பேசுவதுபோல் சொன்னாள்.

"புரோகிராமைத்தான் மாத்தி மாத்திப் பாக்கிறம். அது கூப்பிட்டுக் கேக்கிற ஆளைப் பாக்கேல்லயே."

சூரியக் கணக்கு இருந்த அந்தப் பொதுப் பைலைத் திறந்தாள். அதன் திகதி புதிது. நோன்புக்கு ஒரு கிழமைக்கு முன் யாரோ அதை மாற்றி வைத்திருக்கிறார்கள். சூரியன் மறையும் நேரத்தில் ஆறு நிமிடம் கழிக்கப்பட்டிருந்தது. மடிக்கணினியில் பழைய பைல் இருந்தபடியால் அங்கே சரியாக வந்திருக்கிறது.

இப்போது எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

"நோன்புக்கு முதலே மாத்தியாச்செண்டா, ஏழாம் நோன்பு வரைக்கும் போன் நேரத்தோட எப்பிடிச் சரியாப் பொருந்தினது?"

"பலகை ஒருக்கா எழும்பினா, கணக்கைத் தன்ர ஞாபகத்துக்குள்ள எடுத்து வச்சிடும் மாமா. பிறகு பைலைத் திரும்பிப் பாக்காது. நாலு மாசமா அணையாம ஓடினதால பழைய கணக்கோடயே இருந்திருக்கு. எட்டாம் நாள் கரண்ட் போய்த் திரும்பி எழும்பேக்கதான் புதுசை எடுத்திருக்கு."

"அப்ப வேலி?"

"வேலி ஒவ்வொரு நாளும் புதுசாத்தான் தொடங்கும். அது மாத்தின அண்டைக்கே எடுத்திருக்கும்."

வேலி என்றதும் மூவருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தது. போனைச் சத்தமாகப் போட்டு நிரோஜனைக் கூப்பிட்டாள். வயலில் நின்றான் போல, உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"நிரோஜன், அந்தச் சூரியக் கணக்கில நீங்கள் கை வச்சனீங்களோ?"

"ஓம் ஓம், அது நான்தான் திருத்தினனான்" என்றான் சந்தோசமாக. "உங்கட கணக்கு ஆறு நிமிசம் பிந்துது நஸீஹா. அஞ்சு நாள் வரம்பில மணிக்கூட்டோட நிண்டு பாத்தனான். ஆறு நிமிசம் முந்தியே மறையுது. உங்களுக்குச் சொன்னா மனம் நோகும் எண்டு சொல்லேல்ல. பொதுச் சாமான்தானே, பலகைக்கும் சரியா வரட்டுமெண்டு அதிலேயே திருத்திவிட்டனான்."

நஸீஹா கண்ணை மூடிக்கொண்டாள். வயல் வரம்பில் நின்று பார்த்தால் மேற்கே காடு. சூரியன் மறைவது மரத்துக்குப் பின்னால், நிலத்துக்குப் பின்னால் அல்ல. யானைக்கு அந்த இருட்டுப் போதும். நோன்புக்குப் போதாது. அவன் கிடாரத்துக்கு ஒட்டுப் போட்டதாக நினைத்திருக்கிறான். அங்கே ஓட்டையே இருக்கவில்லை.

மூன்று நிமிடப் பேணுதலைக் கூட்டியும், சூரியன் மறைய மூன்று நிமிடம் முன்னதாக நான்கு நாள் ஊர் நோன்பு திறந்திருக்கிறது.

நான் அலுமாரியைச் சாத்தினேன். ஹமீட் நானாவைக் கஞ்சி அடுப்பைப் பார்க்க அனுப்பினேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"பிள்ளை, இப்ப பழைய பைலைப் போடு. இண்டையில இருந்து சரியாக் காட்டட்டும். நடந்தது நடந்துபோச்சு. சனத்துக்குத் தெரியாது, ஹமீட் நானாவோட நான் கதைக்கிறன். தெரியாமச் செய்ததை அல்லாஹ் மன்னிப்பான்."

"எனக்குத் தெரியுமே மாமா."

"தெரிஞ்சா? ஊர் முழுக்க உன்னைத்தான் கிழிக்கும். அவன்ர பேர் வெளியில வந்தா அதைவிடப் பெரிய சண்டை வரும். வேலிச் சங்கமே உடையும். உன்ர உம்மாவிட்ட என்னெண்டு போய்ச் சொல்லுவாய்?"

அந்த இடத்தில் அவள் முகம் வாடியது. ஆனாலும் எழும்பி மௌலவியிடம் போனாள். சூரியன் மறையுமுன் திறந்தது உறுதியானால், அறியாமல் செய்தாலும் அந்த நான்கு நோன்பையும் கழாச் செய்ய வேண்டும், அதாவது பெருநாளுக்குப் பிறகு திரும்பப் பிடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அவள் அங்கேயே ஒரு தாளில் எழுதி என் கையில் தந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் நான் வாசித்தேன். "பலகையின் கணக்கை எழுதியவள் நான். அதைப் பூட்டாமல் யாரும் மாற்றக்கூடியதாக விட்டதும் நான். எட்டு முதல் பதினொன்று வரையான நான்கு நோன்புகளும் சூரியன் மறையுமுன் திறக்கப்பட்டவை, கழாச் செய்ய வேண்டும். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்." நிரோஜனின் பெயர் அதில் இல்லை.

ஏச்சுக்குக் குறைவில்லை. பொம்பிளைப் பிள்ளையிடம் பள்ளி வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் தொடங்கினார். அன்றைக்கே பலகையைக் கழற்றிவிட்டு அச்சடித்த கலண்டரை ஒட்டினார்கள். செயலாளர் என்ற முறையில் ஏணியைப் பிடித்தவன் நான்தான். அடுத்த நாள் நிரோஜன் பள்ளி வாசலில் வந்து நின்று, மாற்றியது தான்தான் என்று எல்லோருக்கும் சொன்னான். இரண்டு நாள் சத்தம் போட்டுவிட்டு ஊர் ஓய்ந்தது. வேலிக்கு இப்போது தனிக் கணக்கு, பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான்.

ஒலிபெருக்கியில் வாசித்த அன்றே நஸீஹா ராத்தாவிடம் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். அவர் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். நஸீஹா எல்லாவற்றையும் சொன்னாள். ஒலிபெருக்கியில் பாதி கேட்டிருந்தாராம், விளங்கவில்லையாம்.

"நாலுமா?" என்று கேட்டார்.

"ஓம் உம்மா."

"அப்ப எனக்கு மூண்டுதான் இருக்கு."

ராத்தா அரிசித் தண்ணீரை மெதுவாக வடித்தார். நஸீஹா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். ராத்தா அவளைத் தேற்றவில்லை, அது எனக்குப் பெரிய ஆத்திரமாக இருந்தது.

பெருநாள் முடிந்து மூன்றாம் கிழமை, ராத்தா முதலாவது கழா நோன்பைப் பிடித்தார். டொக்டரும் மௌலவியும் வழக்கம்போல் தடுத்தார்கள். எனக்கும் நான்கு இருந்ததால் அதே நாளில் நானும் பிடித்தேன். பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். நாங்கள் இருவரும் நஸீஹாவும் பாயில் இருந்தோம். வெளியே வானம் மப்பு. பள்ளியில் பாங்கு தொடங்கியது. நான் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினேன்.

ராத்தா அசையவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறவுங்கோ உம்மா" என்றாள் நஸீஹா. "பள்ளியில சொல்லிப்போட்டினம்தானே. உங்களுக்குச் சீனி இறங்கப்போகுது."

"நீ பாத்துச் சொல்லு."

"நானோ? எனக்கு இப்ப என்ர கணக்கிலேயே நம்பிக்கையில்ல உம்மா."

"பள்ளியில அந்த நாலு நாளும் பாங்கு சொன்னவைதான் மகள். பிழையெண்டு வந்து சொன்னது நீ ஒருத்திதான். நீ சொன்னாத்தான் திறப்பன்."

நஸீஹா எழும்பினாள். போனைப் பார்த்தாள், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள், திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். பாங்கு முடிந்தது. பக்கத்து வீட்டில் கோப்பைச் சத்தம் கேட்டது. ராத்தாவின் விரல்கள் இலேசாக நடுங்கின, ஆனாலும் அவர் பொறுத்திருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், எனக்குச் சரியாகத் தெரியாது. அவள் உம்மாவுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, கோப்பையை எடுத்து அவர் வாயருகே பிடித்தாள்.

"இப்ப திறவுங்கோ உம்மா."

ராத்தா பிஸ்மி சொல்லிக் குடித்தார். என் கோப்பையில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நான் குடித்தேன்.